நாலாவது வெளிச்சம்

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் ஒரு நாள் மத்தியானம் போன் செய்து, "அம்மா உலகப் பட்டியல்ல வந்துட்டாங்கப்பா" என்றாள். அவள் அம்மா இறந்து அப்போது நாலு மாதம். நான் சூரமங்கலத்தில் ரயில் ஜங்ஷனுக்கு வெளியே வண்டியை வேப்பமர நிழலில் போட்டு, சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தேன். என்ன சொல்கிறாள் என்று புரியாமல் எழுந்து உட்கார்ந்தேன்.

இணையத்தில் ஒரு கட்டுரையாம். நாடு நாடாகச் சுற்றி எழுதுகிற ஓர் அம்மாள் எழுதியது. இருட்டிய பிறகு பயணிகள் பார்க்க வேண்டியவை என்று உலகம் முழுவதிலுமிருந்து பத்தைப் பொறுக்கிப் போட்டிருக்கிறார். மகள் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். பனி நாட்டு ஆகாயத்தில் பச்சையாக அலையும் ஒளி. இருட்டில் கரையேறி முட்டையிடும் கடலாமைகள். காலை வைத்தால் நீலமாக மின்னும் ஒரு கடற்கரை. பாலைவனத்தில் கூரையில்லாமல் படுத்துத் தூங்குவது. இப்படிப் போய், ஏழாவதாக சேலம். மலைப்பாதையில் காரை நிறுத்தி ஒரு டிரைவர் ஹெட்லைட்டை மூன்று முறை அடிக்கிறார், கீழே சமவெளியில் அவருடைய வீட்டு மாடியில் மனைவி மூன்று முறை விளக்கைப் போட்டு அணைக்கிறாள். கூடவே அரை நிமிட வீடியோ.

"நல்லாப் பாத்தா மூணு இல்லப்பா, நாலு" என்றாள் மகள். "முடியற நேரத்துல இன்னொண்ணு மினுங்குது. அன்னைக்கு உங்களுக்குன்னு அம்மா ஒண்ணு சேத்திப் போட்டிருக்காங்க."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். அந்த வெளிச்சம் அவள் அம்மா போட்டதே இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் அந்தப் படத்தைத் தன் செல்போன் முகப்பில் வைத்துக்கொண்டாள், ஆபீசில் எல்லோரிடமும் காட்டினாள், தூக்கம் வராத ராத்திரிகளில் போட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள். சாமி என்றுதான் அவளைச் செல்லமாகக் கூப்பிடுவேன்; ஆமாம் சாமி, ஆமாம் சாமி என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

எப்படி ஆரம்பித்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலைப்பாதை ஏறத் தொடங்குகிற அடிவாரத்தில். நான் ஓமலூர்க்காரன், அவள் திருச்செங்கோட்டுப் பக்கம். வீட்டை ஊடு என்பாள், வருகிறேன் என்பதை வாரேன் என்பாள், நான் கேலி செய்தால் எங்கூர்ப் பேச்சுல மரியாதை இருக்குதுங்க, உங்கூர்ப் பேச்சுல என்ன இருக்குது என்று கேட்பாள். கல்யாணமான புதிதில் ஒரு பழைய காரை வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தேன். ஜங்ஷனில் ரயிலிறங்கி வருபவர்களை மலைக்கு ஏற்றிப்போய்ச் சுற்றிக்காட்டிக் கொண்டுவந்து விடுவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் ஏற்றிக்கொண்டு போனேன். ஐந்தாவது கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்தாள், ஏழாவதில் கண்ணை மூடிக்கொண்டாள், உச்சிக்குப் போய் இறங்கியதும் இனிமேல் இந்த மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றாள். சொன்னபடியே இருந்தாள். இருபத்தெட்டு வருஷம் மலைக்குக் கீழேயே குடியிருந்து, மறுபடி ஒரு தரம்கூட ஏறவில்லை.

தான் ஏறவில்லையே தவிர, நான் ஏறி இறங்கும்வரை அவளுக்கு உயிர் கையில் இருக்காது. அப்போது செல்போன் கிடையாது. இறங்கி வரும் வழியில் ஒரு வளைவு இருக்கிறது. வண்டியை ஓரங்கட்ட இடமுண்டு, கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருக்கும், அங்கே நின்றால் கொண்டப்பநாயக்கன்பட்டி உள்ளங்கையில் வைத்த மாதிரி தெரியும். எத்தனையாவது வளைவு என்று சொல்ல மாட்டேன், சொன்னால் நீங்களும் போய் நிற்பீர்கள். அங்கிருந்து மூன்று முறை ஹெட்லைட் அடிப்பேன் என்று அவளிடம் சொல்லிவைத்தேன். எங்கள் சமையலறை ஜன்னல் மலையைப் பார்த்தது. அவள் அதைப் பார்த்ததும் வீட்டின் பின்பக்கத்துப் படியில் மாடிக்கு ஏறி, அங்கே தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் இருந்த சுவிட்சை மூன்று முறை போட்டு அணைப்பாள். பார்த்துவிட்டேன், வாங்க என்று அர்த்தம். பிறகு கீழே வந்து தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். நான் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது முதல் தோசை தட்டில் இருக்கும். இதில் பெரிய காதல் கீதல் ஒன்றும் இல்லை. சாப்பாட்டுக்கு நேரம் கணக்குப் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செல்போன் வந்த பிறகும் விடவில்லை. போன் பண்ணினால் போதுமே என்று நான் ஒரு தடவை கேட்டதற்கு, போன்ல நீங்க ஊட்டுக்குள்ள இருந்துக்கிட்டுக்கூட மலைல இருக்கறேன்னு சொல்லுவீங்க, லைட்டுன்னா பொய் சொல்லாது என்றாள்.

வண்டியில் பயணிகள் இருக்கும்போது, என்ன சார் லைட் அடிக்கிறீங்க என்று கேட்பார்கள். ஏதோ சொல்லி மழுப்பிவிடுவேன். ஒரு நாள் மதுரைப் பக்கத்துப் புதுப்பெண் மாப்பிள்ளை வந்திருந்தார்கள், அந்தப் பெண் விடாமல் கேட்டதால் சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கவும் கீழே விளக்கு மூன்று முறை எரிந்து அணையவும் சரியாக இருந்தது. அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மலைமேல் பார்த்த ஏரி, தோட்டம், எதைப் பற்றியும் பேசாமல் அடிவாரம் வரும்வரை இதையே பேசிக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கே நான் கெட்டுப்போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை நான் நாலு டிரைவர்களில் ஒரு டிரைவர். அதற்குப் பிறகு நான் லைட் டிரைவர். மலைமேல் இருக்கும் விடுதிக்காரர்களே வருகிறவர்களிடம், இறங்கும்போது அவர் வண்டியில் போங்கள், ஒன்று காட்டுவார் என்று சொல்லத் தொடங்கினார்கள். நானும் கதையை வளர்த்தேன். சுவர் ஓரமாக அவர்களை நிறுத்தி, கொஞ்சம் மௌனமாக இருந்து, பிறகு மெதுவாகக் கையை நீட்டுவேன். அதற்குத் தகுந்த மாதிரி மாடியில் ஒரு கம்பத்தை நட்டு, பெரிய பல்பாக மாட்டினேன். அவளிடம் கேட்கவில்லை.

அவளுக்கு இது பிடிக்கவில்லை. ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டுச் சொன்னாள். "அது நாம ரெண்டு பேரும் பேசிக்கறதுங்க. அதப் போயி ஊருக்கெல்லாம் காட்டிக்கிட்டு" என்றாள். உனக்கு ரசிகர் கூட்டமே இருக்குது புள்ள, நீ சினிமாவுக்குப் போயிருக்கலாம் என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் ஒரு நாளும் விளக்குப் போடாமல் இருந்ததில்லை. காய்ச்சலோடு ஏறியிருக்கிறாள். சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்திருக்கும்போது, இதோ வந்துடறனுங்க என்று பாதிப் பேச்சில் எழுந்து போயிருக்கிறாள்.

பிறகு அவளுக்கு முழங்கால் வலி வந்தது. எங்கள் மாடிப்படி வெளிப்படி, ஒருபக்கம் சுவர், இன்னொரு பக்கம் வெறும் காற்று. கைப்பிடி வைக்க வேண்டும் என்று பதினைந்து வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தோம். அவள் கைப்பிடிகூடக் கேட்கவில்லை. சுவிட்சைச் சமையலறைக்கு இறக்கிவிடுங்கள் என்றாள். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தால் ஜன்னலில் வண்டி வெளிச்சத்தைப் பார்த்ததும் அங்கிருந்தபடியே போட்டுவிடலாம், ஏற வேண்டியதில்லை. நியாயமான யோசனை. எனக்கு ஒயரிங் வேலை தெரியும், வீட்டுக்கு ஒயர் இழுத்ததே நான்தான். ஒரு மஞ்சள் ஒயர் சுருளும் சுவிட்சுப் பெட்டியும் வாங்கி வண்டி டிக்கியில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை செய்துவிடலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமைதான் டிரைவருக்குச் சவாரி அதிகம். அந்த ஒயர் இரண்டு வருஷம் டிக்கியில் கிடந்தது. பயணிகளின் பெட்டியை வைக்கும்போதெல்லாம் அதைத் தள்ளி வைப்பேன்.

ஐப்பசி மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், அந்த எழுத்தாளர் அம்மாளும் அவர் கணவரும் சென்னையிலிருந்து ஒரு சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். காலையில் நான் புறப்படும்போது என் மனைவி முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு, இன்னைக்கு லைட்டு வேண்டாமுங்க, படி நனைஞ்சு கெடக்குது என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வெளிநாடெல்லாம் பார்த்த ஆட்கள் வருகிறார்கள், இன்றைக்குப் பார்த்துத்தானா என்று. "மூணு தடவ சுவிட்ச் போடறதுக்கு இவ்வளவு நாயம் பேசணுமா?" என்று கேட்டேன். அவள் தைலப் புட்டியை மூடி வைத்துவிட்டு, சரிங்க, போடறேன் என்றாள். நான் வண்டியை எடுத்தேன்.

அன்று முழுக்க அந்த அம்மாள் தான் பார்த்த ராத்திரிகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். ஆமைகளைப் பற்றி, பச்சை ஆகாயத்தைப் பற்றி. சிநேகிதி எனக்குத் தமிழில் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு ரோசம் வந்துவிட்டது. எங்க ஊர்லயும் ஒண்ணு இருக்குதுங்க, இருட்டட்டும் காட்டறேன் என்றேன். உலகத்துக்கு எதிரில் என் வீட்டு மாடி பல்பைக் கொண்டுபோய் நிறுத்துகிறேன். நினைத்தால் இப்போது எனக்கே என்னை அறைய வேண்டும் போலிருக்கிறது.

வளைவுக்கு வந்தபோது மணி ஏழரை இருக்கும். மழை விட்டு வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. சேலம் முழுவதும் தெரிந்தது. ஓமலூர் பக்கம் போகும் ரோட்டில் லாரிகளின் வெளிச்சம் வரிசையாக நகர்ந்தது. மூவரையும் சுவர் ஓரம் நிறுத்தினேன். கதையைச் சொன்னேன். வண்டிக்குள் கையை விட்டு மூன்று முறை ஹெட்லைட் அடித்தேன். அந்த அம்மாள் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்.

எங்கள் வீட்டுப் பக்கம் இருட்டாகவே இருந்தது.

கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தேன். பதில் இல்லை. சற்றுத் தள்ளிப் போய்ப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நாலு தடவை கூப்பிட்டேன். காலையில் நான் பேசியதற்கு இப்போது பழி தீர்க்கிறாள், வேண்டுமென்றே பண்ணுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். வேறு எதுவும் என் புத்தியில் தோன்றவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நாளும் அப்படிச் செய்யாதவள் அவள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது எங்கள் வீட்டுக்கு இடதுபக்கம், நீல விளக்குப் போட்ட பெரிய கல்யாண மண்டபத்தையும் தாண்டி, ஏதோ ஒரு விளக்கு மினுங்கி மினுங்கி எரிவது தெரிந்தது. மெயின் ரோட்டுப் பஞ்சர் கடையின் டியூப்லைட் என்று பிறகு தெரிந்துகொண்டேன், ஸ்டார்ட்டர் போய்விட்டிருந்தது. நான் கையை நீட்டினேன். "அதோ பாருங்க, அதுதானுங்க நம்ம ஊடு. எங்கூட்டுக்காரம்மா எனக்குப் பதில் சொல்றாங்க" என்றேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூவரும் கை தட்டினார்கள். அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அந்தச் சனியன் பிடித்த டியூப்லைட் நாலாவதாகவும் மினுங்கப்போகிறதே என்று, அவ்வளவுதானுங்க, வண்டில ஏறுங்க, பனி எறங்குது என்று அவசரப்படுத்தி ஏற்றினேன். அப்படியும் வீடியோவில் நாலாவது விழுந்துவிட்டது.

மலையிறங்கி அடிவாரம் வந்ததும் எங்கள் தெரு முனையைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே போய் உங்கள் மனைவியைப் பார்த்து ஒரு வணக்கம் சொல்லலாமா என்று அந்த அம்மாள் கேட்டார். அவர் கேட்டபடி போயிருந்தால் எட்டு மணிக்குள் வீட்டில் இருந்திருப்பேன். இன்னொரு நாள் பார்க்கலாமுங்க, அவங்களுக்குக் கூச்சம் என்று சொல்லிவிட்டேன். அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் என் பொய் வெளியே வந்துவிடும் என்ற பயம். கோரிமேடு, அஸ்தம்பட்டி வழியாகப் போய் அவர்களை ஜங்ஷன் பக்கத்து விடுதியில் இறக்கினேன்.

அதோடாவது திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. இன்றைக்குக் கொஞ்சம் காத்திருக்கட்டும், தோசைக்கல் ஆறட்டும் என்று கறுவிக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்தேன். மற்ற டிரைவர்களோடு அரட்டை அடித்தேன். இரண்டாவது டீ குடித்தேன். அவளிடமிருந்து போன் வருகிறதா என்று நடுநடுவே பார்த்தேன், வராதது என் கோபத்தை இன்னும் ஏற்றியது.

நான் வீட்டுக்கு வந்தபோது ஒன்பதரை தாண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தார்கள். முன்கதவு சாத்தியிருந்தது, சமையலறையில் மட்டும் விளக்கு. மாவுப் பாத்திரம் மேடையில் மூடி திறந்து இருந்தது. அடுப்புப் பற்ற வைக்கவில்லை. அவளுடைய செல்போன் ஜன்னல் திண்டில் இருந்தது. பின்கதவு திறந்திருந்தது. மாடிப்படிக்குக் கீழே, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் அவள் கிடந்தாள். மேலே பாதிப் படியில் அவளுடைய ஒற்றைச் செருப்பு இருந்தது.

என் ஹெட்லைட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஏறியிருக்கிறாள். காலையில் அப்படிப் பேசிவிட்டுப் போனேனே என்று வேகமாகக்கூட ஏறியிருக்கலாம்.

அள்ளி வண்டியின் பின்சீட்டில் படுக்கவைத்து ஓட்டினேன். கோரிமேட்டுக்கு வரும்போது முனகினாள். ஆஸ்பத்திரிக்குப் போனோம், தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள், ஆபரேஷன் செய்தார்கள். மகள் பெங்களூரிலிருந்து விடியற்காலை வந்து சேர்ந்தாள், அப்போது அவள் அம்மாவுக்கு நினைவு இல்லை. மூன்றாம் நாள் என் மனைவி போய்விட்டாள். இரண்டு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று நான் டாக்டரிடம் ஆரம்பித்தேன். அவர் என் தோளில் கை வைத்து, இனிமே அதக் கேட்டு என்னங்க ஆகப்போகுது என்றார். நல்ல மனுஷர். அந்தப் பதிலே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அம்மா கடைசியாக ஏதாவது சொன்னார்களா என்று மகள் கேட்டாள். ஒன்றும் பேசவில்லை சாமி என்றேன். சவாரி முடிந்து வர நேரமாகிவிட்டது என்றேன். எல்லோரும் அதையே நம்பினார்கள், என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மகளும் உறவினர்களும் கிளம்பிய பிறகு டிக்கியைத் திறந்து அந்த மஞ்சள் ஒயரை எடுத்தேன். சுவிட்சைச் சமையலறைக்கு இறக்கினேன். அரை மணி நேர வேலை. முடித்துவிட்டு ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன். போட்டுப் பார்க்கவில்லை.

இதற்குப் பிறகுதான் அந்தப் பட்டியல் வந்தது, மகளின் போன் வந்தது. வீடியோவின் தேதி அம்மா விழுந்த நாள்; விளக்கைப் போட்டுவிட்டு இறங்கும்போது விழுந்தாள் என்று நினைத்துக்கொண்டு, அம்மா கடைசியாகச் செய்த காரியம் உலகத்துக்கே தெரிந்துவிட்டது என்று அவள் சந்தோஷப்பட்டாள். அவளுக்கு அம்மாவின் கடைசிப் பார்வையோ கடைசிச் சொல்லோ கிடைக்கவில்லை. அந்த அரை நிமிடம்தான் கிடைத்தது. அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. அவளுக்காகத்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவனை அவள் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் உண்மையான காரணம்.

பத்தாவது மாதம், காரியத்துக்குப் பிறகு முதல் தடவையாக லீவு போட்டு வந்தவள், ஜங்ஷனில் இறங்கியதுமே, அந்த வளைவுக்கு என்னைக் கூட்டிப் போங்கப்பா, ஒரு தடவ அங்கிருந்து நம்ம ஊட்டப் பாக்கணும் என்றாள். அந்த ஐப்பசிக்குப் பிறகு நான் மலை ஏறியிருக்கவில்லை. மலைச் சவாரி என்றால் வேறு டிரைவருக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன், ஆனால் அவள் முன்சீட்டில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டுவிட்டாள்.

இருட்டும் நேரத்தில் வளைவில் நிறுத்தினேன். அவள் சுவர் ஓரம் போய் நின்று வெகுநேரம் பார்த்தாள். அவள் வளர்ந்த வீடு, யாரும் காட்டித் தர வேண்டியதில்லை. ஊர்த் தண்ணீர்த் தொட்டியைக் கண்ணில் பிடித்தாள், பள்ளிக்கூடத்தைப் பிடித்தாள், அப்புறம் எங்கள் மாடியைப் பிடித்தாள். பிறகு செல்போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டு, அதைக் கீழே தெரிகிற ஊரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தாள். நான் வண்டியிலேயே சாய்ந்து நின்றேன். கல்யாண மண்டபத்தின் நீல விளக்கு, வீடியோவில் இருக்கிற மாதிரியே, அதே இடத்தில்தான் எரிந்துகொண்டிருந்தது.

இரண்டாவது தடவை ஓடவிட்டாள். மூன்றாவது தடவை பாதியில் நிறுத்தினாள்.

"இது நம்ம ஊடு இல்லீங்களேப்பா" என்றாள்.

அப்போதும் ஏதோ ஒரு பொய் என் நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து எடுத்தார்கள், கோணம் மாறியிருக்கும் என்று. அவள் முகத்தைப் பார்த்ததும் அது உள்ளேயே போய்விட்டது. சொல்லிவிட்டேன். காலையில் பேசியது, டிக்கியில் கிடந்த ஒயர், பஞ்சர் கடை டியூப்லைட், கூச்சம் என்று அந்த அம்மாளிடம் சொன்னது, இரண்டு டீ, எல்லாம். மேலேயிருந்து ஒரு பஸ் இறங்கி எங்களைத் தாண்டிப் போனது. அது போன பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்க நாலு தடவ போன் பண்ணுனப்ப, அம்மா கீழ கெடந்துக்கிட்டு அந்தச் சத்தத்தக் கேட்டிருப்பாங்களாப்பா?"

பத்து மாதமாக நான் தூங்காமல் என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. தெரியல சாமி என்றேன். பிறகு, அவளிடம் மறைத்து வைத்திருந்த கடைசி ஒன்றையும் சொன்னேன். அம்மா பேசினாள். கோரிமேட்டில் முனகினாள் என்றேனே, முனகலோடு நிற்கவில்லை. ஏனுங்க என்று கூப்பிட்டாள். வண்டியை ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். "அவியெல்லாம் லைட்டப் பாத்தாங்களா?" என்று, வந்தவர்களைப் பற்றிக் கேட்டாள். எனக்கு அவளைத் தேற்ற வேண்டும், பழகிய வாய் வேறு. "பாத்தாங்க புள்ள, எல்லாரும் கை தட்டுனாங்க" என்றேன். வண்டி கோரிமேட்டைத் தாண்டியது. பிறகு மெதுவாக, குழப்பத்தோடு சொன்னாள். "நான் மேல ஏறவே இல்லீங்களே."

அதுதான் அவள் பேசிய கடைசி வார்த்தை. லைட்டுன்னா பொய் சொல்லாது என்று சொன்னவள், நான் பொய் சொன்னதைத் தெரிந்துகொண்டுதான் போனாள்.

மகள் அழுதாள். நான் பக்கத்தில் போகவில்லை, போக எனக்கு என்ன யோக்கியதை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளாகவே வந்து வண்டியில் ஏறினாள். வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வளைவிலிருந்து புறப்படும்போது என் கை பழக்க தோஷத்தில் ஹெட்லைட் பிடிக்குப் போனது. எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போனாள். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டு பின்வாசலுக்கு வெளியே நின்றேன். உள்ளே அடுப்பு மேடைக்குப் பக்கத்தில், நான் மாட்டிய அந்தப் புது சுவிட்சை அவள் அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும். இது எதுக்குப்பா என்று கேட்டாள். சொன்னேன். பிறகு சுவிட்ச் தட்டும் சத்தம் வந்தது. மூன்று முறை தட்டிவிட்டு, கடைசியாக ஒரு தடவை போட்டு அப்படியே விட்டாள். சமையலறையிலிருந்து மாடி தெரியாது.

"எரியுதாப்பா?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

நிமிர்ந்து பார்த்தேன். கம்பம் நின்றது, பல்பும் இருந்தது. பத்து மாத மழையிலும் வெயிலிலும் அது போய்விட்டதோ, நான்தான் ஒயரைத் தப்பாகக் கொடுத்தேனோ, தெரியவில்லை. அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். எரியுது என்று சொன்னால் வெளியே வந்து பார்க்காமல்கூட நம்பியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

"எரியல சாமி" என்றேன்.